வெயிலில் பிடிக்காதே

கல்குடா,
2 நவம்பர் 1940

மகளின் அம்மாவுக்கு,

சீமைக்குக் கழுவ அனுப்பிய வர்ணப் பிலிம் ஏழு மாதம் கழித்து நேற்றுத்தான் வந்தது. ஒரேயொரு படம் தேறியிருக்கிறது; கடதாசிப் படமல்ல, ஒளி ஊடுருவும் பிலிம் துண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இங்கே வைத்திருக்க முடியவில்லை. உனக்கே அனுப்புகிறேன்.

வெயிலில் பிடிக்காதே, நிறம் போய்விடும். மாரி தொடங்கிவிட்டது, வாவிக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து, படத்தோடு பிஸ்கட் தகரத்துக்குள் வை. கிழமைக்கொருமுறை அரிசியை மறுபடி வறு. படத்தை வெளியே எடுக்காமல் வைத்தால் நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும்.

கறுப்பு வெள்ளை போதுமென்றாய். மகளின் சிவப்புச் சட்டை தெரியாதே என்று நான்தான் இதை வாங்கினேன். இந்தப் பிலிம் மந்தமானது; பிள்ளை அசையாமல் நின்றால்தான் படம் விழும். ஒருநாளும் ஓரிடத்தில் நிற்காதவள் அன்று நின்றாள்.

"பிள்ளைக்கு மேல் காயுது, காய்ச்சல் போல, உள்ளுக்கு விடுங்க" என்றாய்.

"பொறு, வடிவா நிக்கிறா" என்றேன்.

அந்தக் கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கறுப்பு வெள்ளையென்றால் கன்னம் இப்படிச் சிவந்திருந்தது தெரிந்திருக்காது.

மேலே எழுதியதை விடு. ஒருமுறை வெயிலில் பிடித்துப் பார். பார்த்த பிறகும் உன் வீட்டுக்கு நான் வரலாமென்றால், ஒரு வரி எழுது.

மகளின் அப்பா