வேண்டாம் என்ற ஊர்

ஓஸ்லோ
4 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் முதுகுவலி தேவலையா? பதினெட்டாம் தேதி நம் ஊர் பெர்லேவோக்குக்கு வருகிறேன். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்று ஊர்க் கூடத்தில் பேசப்போவது நான்தான். சேர்ந்தால் ஸ்பெயின் படகுகள் நம் கடலில் மீன் பிடிக்க வந்துவிடும் என்ற பயத்தில், மாதக் கடைசியில் நடக்கும் பொது வாக்கெடுப்பில் உன் ஓட்டு 'வேண்டாம்' என்பது தெரியும். இருக்கட்டும். இரவு உன் வீட்டில் தங்குகிறேன். அண்ணியை மீனும் ஈரலும் வேகவைக்கச் சொல்.

உன் தங்கை,
மாரித்

பெர்லேவோக்
21 நவம்பர் 1994

மாரித்துக்கு,

வீட்டுப் பக்கமே வராமல் போய்விட்டாய். அண்ணி நெடுநேரம் மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கடல ஸ்பெயின்காரனுக்குத் தூக்கிக் குடுக்க உனக்கு என்ன பதவி தர்றாங்க?" என்று கூட்டத்தில் நான் எழுந்து கேட்டது உனக்குச் சுட்டிருக்கும். மீன் இறக்கும் துறையில் பக்கத்துப் படகுக்காரன் ஹால்வோர் என்னை தினமும் குத்துகிறான்: "என்ன எய்வின், உன் தங்கச்சி உன் படகுக்கும் சேத்து வெல பேசிட்டாளா?" நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஊரில் எப்படிப் பிழைப்பது? நீ ஓஸ்லோவுக்குப் போய்விடுவாய்.

எய்வின்

ஓஸ்லோ
29 நவம்பர் 1994

அண்ணா,

'வேண்டாம்' வென்றுவிட்டது. சந்தோஷமாக இரு.

நீ கேள்வி கேட்டதில் எனக்குக் கோபமில்லை. பின்வரிசையில் ஒருவன் "துரோகி" என்று கத்தினான். நீ கைதட்டினாய். மேடையிலிருந்து பார்த்தேன்.

இனி எனக்கு எழுதாதே.

மாரித்

ஸ்காகென், டென்மார்க்
9 அக்டோபர் 2005

மாரித்,

எழுதாதே என்றாய். அப்படியும் எழுதுகிறேன்.

படகை விற்றுவிட்டேன். மீன்பிடி உரிமையும் அதோடு போயிற்று. வாங்கியவன் ஸ்பெயின்காரன் இல்லை, தெற்கே உள்ள நம் நாட்டு முதலாளிதான். ஹால்வோரும் அவனுக்கே விற்றான். மீனெல்லாம் இப்போது தெற்கே இறங்குகிறது. நம் துறையைப் பூட்டிவிட்டார்கள். அதற்கு ஊரில் யாரும் கூட்டம் போடவில்லை.

உன் அண்ணி எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். எனக்கு இங்கே மீன் தரம் பிரிக்கும் வேலை. நான் வேண்டாம் என்ற ஒன்றியத்தின் மண்ணில்தான். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

வரும் வழியில் ஓஸ்லோ துறைமுகத்திலிருந்து உனக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கப்பல் புறப்படும்வரை போன் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

கூட வேலை செய்யும் போலந்துக்காரன் நேற்று கேட்டான்: "நார்வேயா? அங்கதான் காசு கொட்டுதாமே, நீ ஏன்யா இங்க வந்தே?"

குனிந்து அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டேன்.

முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

அண்ணன்