உள்ளறையில் வைத்த புழுப்பானை

பாகூர்
18-2-1976

அன்பு மகன் கமருதீனுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பிரான்சில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், அல்லாஹ் உன்னைச் சளி காய்ச்சல் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே உன் அம்மாவும் நானும் உடம்பால் சுகம். மனதால் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ லீவில் வந்தபோது உன் படிப்புக்கு என்று முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கித் தோண்டி, ஒரு பானையில் மண்ணும் உப்புத் தண்ணீருமாக வைத்துவிட்டுப் போனாயே அந்தப் புழு, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் சிநேகிதன் சூசைநாதன் ஒரு வாரத்தில் வந்து காலேஜுக்கு எடுத்துப் போவான், அதுவரை சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். அவன் வரவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு சைக்கிளில் போய் டின்னில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன், மளிகைக்கடை ஹலீம் பாய்க்கு என்ன ஆச்சு என்று தெருவே சிரித்தது. ஒரு நாள் கோழி ஒரு புழுவைக் கொத்திவிட்டு, கொத்தின வேகத்தில் உதறிப் போட்டு அலகை மண்ணில் தேய்த்தது. நீ சொன்னதுதான், அதற்குக் கடிக்கப் பல்லும் இல்லை ஓடக் காலும் இல்லை, தொட்டால் அறுந்துபோகிற உடம்பு, புண்ணுக்குப் போடுகிற டிங்சர் மாதிரி அதன்மேல் வீசுகிற வாடை ஒன்றுதான் அதற்குக் காவல், மீன்கூட வாயில் வைக்காது என்றாய். மீனைப் பற்றி யோசித்த நீ, பெண் பார்க்க வருகிறவர்களின் மூக்கைப் பற்றி யோசித்தாயா?

போன ஜும்மாவுக்கு மறுநாள் வில்லியனூரிலிருந்து உன் தங்கை நசீராவைப் பார்க்க வந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள், நான் நடையாய் நடந்து கொண்டுவந்த சம்பந்தம். ஆண்கள் நாங்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தோம், பெண்கள்தானே உள்ளே போய்ப் பார்ப்பது. வெயில் பட்டால் புழு செத்துவிடும் என்று உன் அம்மா பானையை உள்ளறைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறாள், உன்மேல் அவ்வளவு பாசம். வாடை தெரியாமல் இருக்கச் சாம்பிராணி போட்டு, பெண்ணுக்கு அத்தரும் பூசி அதே கட்டிலில் உட்கார வைத்திருக்கிறாள். எல்லாம் சேர்ந்து அந்த அறை ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் துப்பட்டியால் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னாமா வாடை இது? வூட்ல யாருக்குக் கட்டு போட்டிருக்கு?" என்று கேட்டாராம். நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் புழு என்று சொல்லக் கூசி உன் அம்மா, "மருந்துதாங்க" என்று சொல்லிவிட்டாள். யாருக்கு மருந்து என்று கேட்டதற்கு, டீ கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த அம்மாள் நசீராவின் ரவிக்கைக் கையை மேலே தூக்கிப் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாராம், சந்தையில் மாடு பார்ப்பதுபோல. டீயைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடி, அது என் மகன் படிக்கிற புழு என்று கெஞ்சினேன். பெண்ணுக்குச் சீக்கு, அப்பன்காரன் புழு என்று கதை விடுகிறான் என்று இப்போது மூலக்குளம் வரைக்கும் பேச்சு. அங்கே அந்தப் புழு உனக்குப் பட்டம் வாங்கித் தரும். இங்கே என் பெண்ணுக்குப் பேர் வாங்கித் தந்துவிட்டது. எனக்கு உன்மேல் கோபம்தான் கமருதீன், மறைக்க மாட்டேன்.

பானையை வாய்க்காலில் கொட்டப் போனேன். நசீராதான் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அழக்கூட இல்லை, பானைக்குத் தண்ணீர் மாற்றுவதும் அவள்தான். நேற்று உன் சூசைநாதன் பஸ்ஸை விட்டு இறங்கிச் சிரித்துக்கொண்டே வந்து பானையைக் கேட்டான். தொலையட்டும் என்று நான் எடுக்கப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து நசீரா, "தர முடியாதுன்னு சொல்லுங்கத்தா. அடுத்த மாசம் இன்னொரு வூட்லேர்ந்து வராங்க இல்ல, அவங்களும் மோந்துட்டுப் போவட்டும்" என்றாள். அவன் வெறுங்கையோடு போய்விட்டான். அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

உன் அம்மா உனக்கு துஆச் செய்கிறாள், கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாதே என்கிறாள். தொழுகையை விடாதே. உன் நெஞ்சுக்கு நல்ல புத்தியும் நிம்மதியும் அல்லாஹ் தரட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், பானையை எடுக்க இனி யாரையும் அனுப்பாதே, நீ வா. அவள் உன் கையில் தந்தால் எடுத்துப் போ.

வஸ்ஸலாம்.
உன் அத்தா
அப்துல் ஹலீம்