ஐந்து அங்குல இறகு

12 நவம்பர் 1991, செவ்வாய். ஃபாரஸ்ட் கேட்.

கனடாவில் வில்லால் மான் வேட்டையாடும் என் மைத்துனன் ரவி, நான் வேலை செய்யும் வில் அம்புக் கடைக்கு இன்று வந்தான். அம்புகளுக்கு எந்த அளவு இறகு ஒட்டுவது என்று கேட்டான்.

"அஞ்சு அங்குலம் ஒட்டுறன். பெரிய முனையையும் ஆடாமல் கொண்டுபோகும்" என்றேன்.

"அது இரையும் அத்தான். சத்தம் கேட்டா மான் குனிஞ்சிடும். என்ர முனை சின்னன்தானே, நாலு காணும்."

அவன் சொன்னது சரி. நாலே போதும்.

"ஏலாது, அம்பு ஆடும்" என்று சொல்லி ஐந்தையே ஒட்டிக் கொடுத்தேன். இந்தக் கடையில் நான் சொன்ன முதல் பொய் அது.

யாழ்ப்பாணத்தில் அன்று வந்த ஷெல்லும் கூவிக்கொண்டுதான் வந்தது. அதனால்தான் குனிந்தேன்.