உன் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்

இன்று ஸ்டோர்ஸ் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, "சார், ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்னன்னே தெரியல" என்றாள். டிஸ்க்கின் ஓரத்தில் அந்தச் சின்ன நீல விளக்கு விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. யோசிக்காமலே என் வாயில் வந்துவிட்டது: "முன்பக்கம் சொருகாதம்மா, பின்னாடி சொருகிப் பாரு. அப்பவும் அப்படியே இருந்தா கேபிளை மாத்து." கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. "எப்படி சார் தெரியும்?" என்றாள். என் மனைவி சொல்லிக்கொடுத்தது என்று சொல்ல முடியவில்லை. வெளியே போய், கன்வேயரில் நிலக்கரி ஓடுவதைப் பார்த்தபடி நின்றேன்.

நம்முடைய டிஸ்க் அப்படிச் சரியாகவில்லை.

குரல்வளையை முழுவதுமாக எடுத்தாக வேண்டும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று நீ அழவில்லை. மந்தாரக்குப்பம் கம்ப்யூட்டர் சென்டரில் காலையிலிருந்து மாலை வரை பேசிப் பேசிப் பாடம் நடத்தியவள் நீ. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "பாப்பாவுக்கு இப்பதாங்க ஆறு வயசு. என் குரல் அவளுக்கு ஞாபகம் இருக்குமா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அப்ப பதிஞ்சு வச்சிடணும்" என்று நீயே முடிவு சொன்னாய்.

அதற்குள் உன் குரல் கரகரத்துப்போயிருந்தது. "இருக்கிறது இவ்வளவுதான், இதையாவது எடுத்து வைப்போம்" என்றாய். குவார்ட்டர்ஸ் முன் அறையில் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து போனில் பேசினாய். பாப்பாவின் தமிழ்ப் புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து வாசித்தாய். தாலாட்டு பாடினாய். பல் தேய்க்காததற்குத் திட்டினாய். "திட்டுறதும் வேணும், இல்லைன்னா அது நான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாய். போனில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்தாய். நம் கல்யாணப் போட்டோ, நீ பயிற்சி கொடுத்த மாதா கோயில் பாடகர் குழுவின் பழைய பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. இன்னொரு காப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்குள் பெட் காலியாகிவிட்டது, உடனே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

திரும்பி வந்தபோது உன் கழுத்தில் ஒரு துளை இருந்தது. அதன் வழியாக மூச்சு மட்டும் வந்தது. சொல்ல வேண்டியதை என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாய். உட்கார முடிந்த முதல் நாளே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகினாய். ஒரு ஃபோல்டர் திறக்கவே அவ்வளவு நேரம் ஆனது. பின்பக்கம் மாற்றிச் செருகினாய். சென்டரிலிருந்து வேறு கேபிள் வாங்கி வரச் சொன்னாய். வைரஸ் பார்த்தாய். ஓடிக்கொண்டிருந்த மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடினாய். எதுவும் நடக்காததால் என்னை டிஸ்க்கோடு சென்டருக்கே அனுப்பினாய். அங்கிருந்த கம்ப்யூட்டரிலும் அதே நிலைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ டிஸ்க்கை மறுபடியும் செருகி, காதோடு வைத்துக் கேட்டாய். பிறகு என் காதில் வைத்தாய். டிக், டிக் என்றது. நின்றது. மறுபடி டிக் என்றது. என் கையை இழுத்து எழுதினாய். மூன்றே எழுத்து. சா, கு, து.

"சரி பண்ண முடியாதா?"

முடியாது என்று தலையசைத்தாய். இனி அது எவ்வளவு நேரம் ஓடுமோ, அதற்குள் எடுக்க முடிந்ததை எடுக்க வேண்டும். எது முதலில் என்று எழுதிக் கேட்டாய். பாட்டு என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பாப்பா, சாப்பிட வா" என்று கூப்பிடும் சின்னப் பதிவு ஒன்று இருந்தது. அதைத்தான் முதலில் இழுத்துவிட்டாய். காப்பி ஆவதைக் காட்டும் பச்சைக் கோடு பாதி வரை வந்து நின்றுபோனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிழை என்று வந்தது. பாடம் வாசித்ததும் வரவில்லை, தாலாட்டும் வரவில்லை. திட்டியதும் போயிற்று. பழைய ஃபோல்டரிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி ஒன்று மட்டும் முழுதாக வந்தது. அடுத்ததை எடுப்பதற்குள் டிஸ்க்கே திரையிலிருந்து காணாமல் போய்விட்டது. நீ கேபிளைப் பிடுங்கி, டிஸ்க்கைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்தாய். போதும் என்று எழுதினாய். அதற்கப்புறம் அதைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று தெரிந்தபோதும் போதும் என்ற அதே சொல்லைத்தான் எழுதினாய்.

உன்னை அடக்கம் செய்த பிறகு டிஸ்க்கைச் சென்னைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர், "உள்ள தட்டெல்லாம் கீறிப்போச்சு சார். எங்க கொண்டுபோனாலும் இதான் சொல்லுவாங்க" என்றார்.

பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு. அந்தப் பயிற்சிப் பதிவைப் போனில் வைத்துக் கேட்பாள். போன வாரம், "அப்பா, மேல போகுதே ஒரு குரல், அதுதானே அம்மா?" என்றாள். அது உன் பக்கத்தில் நின்று பாடும் உன் தோழியின் குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் கோயிலில் கேட்கிற குரல்தான்.

"இல்லம்மா."

"அப்ப எது?"

இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பெண்கள் எல்லோரும் ஒரே குரலாகப் போகிறார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நீ அதைத்தானே சொல்லுவாய், "ஒருத்தர் குரல் தனியா தெரியக் கூடாது" என்று. உன் குரலும் தனியாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே, "பரவால்லப்பா" என்று சொல்லி என் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

நீ சொன்ன எதையும் நான் மறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அப்படியே இருக்கிறது. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவையெல்லாம் என் குரலில்தான் கேட்கின்றன.