இரண்டரைக் கோடி இலக்கமும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா கண் உறுத்தலைத் தவிர ஏதோ நலம், உன் அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் எங்கள் இருவரையும்விட நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நானே நம்பிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பகா எண்ணா என்று சோதிக்க நீ கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் போன அந்த இரண்டரைக் கோடி இலக்க எண், பகா எண் இல்லையாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் திரையில் வந்துவிட்டது. உனக்கும் தகவல் வந்திருக்கும், ஆனால் இந்த வீடு பட்ட பாடு உனக்குத் தெரியாது. மூன்று மாதமாக அப்பா அந்த அறைக்கு வெளியே பிரசவத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி நடந்தார். சிலிண்டர் போட வந்தவரைக்கூட விடவில்லை, "ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது சார், அப்படி ஒரு எண்ணு உள்ள பொறக்கப்போகுது" என்று நிறுத்திவைத்துச் சொன்னார். போன வாரம் பகல் முழுக்க மின்தடை. இன்வெர்ட்டர் ஒன்றைத்தான் தாங்கும் என்றதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டார். மீன், பால் எல்லாம் நாறிப்போயிற்று. கத்தினால், "மீன் நாளைக்கும் கிடைக்கும், இந்த எண்ணு கிடைக்குமா?" என்கிறார். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து அது தானே தொடரும் என்று உன் அண்ணன் மறுநாள் வந்து சொல்கிறான். இதை நீ போகும்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

முடிவு வந்ததும் அப்பா திரையோடு சண்டைக்கு நின்றார். "வகுபடும்னா எதால வகுபடும்? அதைச் சொல்லு." அது பகு எண் என்பது நிச்சயம், எதால் வகுபடும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது என்று அண்ணன் தொண்டை வற்ற விளக்கினான். "ஆளைக் காட்டாம திருட்டுப் பட்டம் கட்டுறதா?" என்று நேராக என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து முழு எண்ணையும் அச்சடிக்கச் சொன்னார். எட்டாயிரம் தாளுக்கு மேல் போகும் என்றதும் கடைசித் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார். கடைசி இலக்கம் ஏழு. "ரெண்டால போகாது, அஞ்சால போகாது" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் அறிவித்தார். மூன்றால் போகுமா என்று பார்க்க எல்லா இலக்கத்தையும் கூட்டவேண்டும் என்றேன், முறைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, சாப்பிடவில்லை. ஒரு எண்ணுக்கா இவ்வளவு துக்கம் என்று கேலி செய்தேன். "பாப்பா ஃபோன் பண்ணா முதல்ல அதைத்தானே கேட்பா. இனிமே என்கிட்ட என்ன கேட்பா?" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று அண்ணனைக் கூப்பிட்டு அடுத்த எண்ணை ஏற்றிவிட்டார். முன்னதைவிடப் பெரியது, நாலு மாதம் ஆகுமாம். அவராகச் சொல்லும்வரை உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் குளிர்ந்து இருக்கவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் எண்ணைக் கேட்பதற்கு முன்னால், "கண்ணு இப்ப எப்படிப்பா இருக்கு, டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிடு. அப்புறம் எது எதால் வகுபட்டாலும் அவருக்குக் கவலை இருக்காது.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா