சோற்றை விடச் சொன்னவன் எழுதுவது

பக்கத்து குவார்ட்டர்ஸில் ஆட்டுக் கொழுப்பை உருக்குகிறார்கள். புதிதாக யாரோ சோற்றை விட்டுக் கறி, கொழுப்பு தின்னும் பேலியோவில் இறங்கியிருக்கிறார்கள் போல. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு பிளாக் முழுக்க அந்த வாசம்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் மறைத்த ஒரு விஷயம் இருக்கிறது. நீ இருந்தபோது சொல்ல எனக்குத் துப்பில்லை. இனி நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து, போனில் ஒரு குழுவில் சேர்ந்து, இட்லி, தோசை, சோறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கறியும் முட்டையுமாகத் தின்ன ஆரம்பித்த நேரம் ஞாபகம் இருக்கிறதா? நிலக்கரி மைன்ஸில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு முட்டை, மட்டன், மேலே ஒரு கட்டி வெண்ணெய். நீ எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "நாங்கல்லாம் சோறு சோறுன்னு அழுதுகினு வளந்தோம். நீ இன்னாடான்னா சோறே வேணாம்னு கறியா துன்னுகினு இருக்குற. நல்லாத்தான் இருக்குது மச்சான், உங்க பர்மனென்ட் வியாதி." சுற்றி இருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். எனக்கு அப்ரண்டிஸ் கிடைத்து வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து, பதினாறு வருஷமாக கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தாய்.

நான் பன்னிரண்டு கிலோ இறங்கினேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. அதன்பிறகு என் வாய் சும்மா இருக்குமா? "மாத்திரையே வேணாம், சாப்பாடுதான் மருந்து" என்று கேன்டீனில் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினேன். நீ சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். கிண்டல்தான் பண்ணுகிறாய் என்று நினைத்தேன்.

அப்புறம் பர்மனென்ட் ஆக்கும் லிஸ்டில் உன் பெயர் வந்தது. மெடிக்கலில் தேறினால் வேலை. எதற்கும் முன்னாலேயே பார்த்துவிடலாம் என்று குறிஞ்சிப்பாடியில் ரத்தம் கொடுத்திருக்கிறாய். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "எனக்கும் வந்துடுச்சிடா. முந்நூத்த தாண்டிகினு போவுது. மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு வுட்ருவாங்க. பதினாறு வருசம் மச்சான்." அந்த ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டையும் காட்டி, "இத இன்னா பண்றது?" என்று கேட்டாய்.

"தூக்கிப் போடு" என்றேன்.

நான் எழுதிக் கொடுத்த பாதாமும் பனீரும் உனக்குக் கட்டுப்படியாகவில்லை. நீயே மாற்றிக்கொண்டாய். காலையில் அவித்த முட்டை, மத்தியானம் கொழுப்போடு பன்றிக்கறி வறுவல், சாயந்திரம் கோழி ஈரல். முதல் வாரம் தலை சுற்றி பெல்ட் ஓரமாக உட்கார்ந்துவிட்டாய். உப்புத் தண்ணீர் குடி, சரியாகிவிடும் என்று பெரிய வைத்தியன் மாதிரிச் சொன்னேன். "சோறு வடிக்கிற வாசன வந்தா வூட்ட வுட்டு வெளிய போயிடறேன்டா" என்று நீ சொன்னபோதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான்கு மாதம் ஒரு பருக்கை நீ தொடவில்லை. என்னாலேயே முடியாத வைராக்கியம் அது.

மெடிக்கலில் தேறிவிட்டாய். ஃபிட் என்று தெரிந்ததும் உன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் வந்தாய். "தங்கச்சி, சோறு இருக்குதா?" என்று என் மனைவியைக் கேட்டாய். ரசமும் அப்பளமும்தான் இருந்தது. மூன்று தடவை போட்டுக்கொண்டாய். இன்னைக்கு ஒரு நாள் தின்னுட்டுப் போ என்று நானும் தாராளமாக அனுமதி கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் வருஷம் ட்ரெய்னிங். அதற்குள் கம்பெனி ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் சர்க்கரை என்று ஏறிவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்தாய். யாரையாவது விசாரித்துச் சொல்லியிருக்கலாம். நான், "ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கோ. ஆஸ்பத்திரிப் பக்கமே போவாத" என்றேன். நீயும் போகவில்லை. ஷிப்டு மாறி மாறி வந்ததில் சாப்பாடும் முன்போல நடக்கவில்லை. பாதி நாள் கறி, பாதி நாள் கைக்குக் கிடைத்ததைத் தின்றாய். ரத்தம் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாய்.

மழைக்காலத்தில் ரப்பர் கம்பூட்ஸுக்குள் சேறு புகுந்து குதிகாலில் கொப்புளம் வந்தது. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாய். "வலிக்கவே இல்லடா" என்றாய். சர்க்கரைக்காரனுக்குப் புண் வலிக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். அதற்குச் சந்தோஷப்பட்ட முட்டாள்கள் நாம் இரண்டு பேர்தான். மாவுச்சத்தை விட்டவனுக்குப் புண் தன்னால் ஆறும் என்று வேறு சொன்னேன். மூன்று வாரம் கழித்து, பூட்ஸைக் கழற்றியபோது வந்த நாற்றத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம். காலை எடுத்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. ட்ரெய்னிங் முடிய ஒரு மாதம் இருந்தது.

இப்போது கேள். நான் மாத்திரையை நிறுத்தவே இல்லை. எடை குறைந்ததும் டாக்டர் பாதியாகக் குறைத்தார், அவ்வளவுதான். தினமும் காலையில் அரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துதான் கேன்டீனில் மேசையைத் தட்டினேன். என் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏழு வருஷமாகச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறது. என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்தச் சாப்பாட்டில் எடை குறைந்தது நிஜம், சர்க்கரை இறங்கியதும் நிஜம். மாத்திரை இல்லாமல் என்பது மட்டும் நான் சேர்த்துக்கொண்டது. நாலு பேர் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை.

உன் மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. நான் எதைச் சொன்னாலும் நக்கல் பண்ணியவன்தானே நீ? இதை மட்டும் ஏன்டா அப்படியே நம்பித் தொலைத்தாய்?

போன மாதம் உன் மனைவி வந்திருந்தாள். "அண்ணே, எனக்கும் சக்கர இருக்குதாம். அவரு சாப்ட்டாப்பல நானும் சாப்புடட்டுமா? எழுதிக் குடுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டைத் தூக்கிப் போடச் சொன்னதிலிருந்து. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள், "நீங்க மாத்திர போட்டுக்கிறது தெரிஞ்சிருந்தா அவரும் போட்டுகினு இருந்திருப்பாருண்ணே" என்றாள்.

மறுநாள் அவளை குறிஞ்சிப்பாடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நர்ஸம்மா என்னைக் காட்டி, கூட வந்திருப்பது யார் என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றாள். நான் அவளுடைய மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.