கிளிப்பில் ஒரு மஞ்சள் புள்ளி

மண்ணூர்
4.11.2001

அன்புள்ள உலகம்மாள் அக்காவுக்கு,

தம்பி வேல்ராஜ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மெஸ் சோறுதான் வாயில் வைக்க முடியவில்லை. நீயும் அத்தானும் பாப்பா சுகப்பிரியாவும் எப்படி இருக்கீங்க?

கடைசியில் அத்தான் எங்க கம்பெனி வேனையே எடுத்துட்டாராமே. நீ எழுதி அனுப்பிய சேசிஸ் நம்பரை டெஸ்பாட்ச்சில் காட்டிக் கேட்டேன். எங்க லைனில், என் ஷிப்டில் போன வண்டிதான். அதில் பெட்ரோல் பைப் மாட்டி கிளிப் போட்டது உன் தம்பி. கிளிப்பை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் பெயின்ட் பேனாவால் மஞ்சளாக ஒரு புள்ளி வைப்போம். இறுக்கியாச்சு என்று அதற்கு அர்த்தம். டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில்தான் இன்ஜின். அத்தானைப் பார்க்கச் சொல். ஊரைக் கூட்டிவந்து காட்டாமல் இருந்தால் சரி.

தீபாவளிக்கு லீவு இல்லை. சூப்பர்வைசர் தணிகாசலம் சார், "இன்னாபா, போன வருசந்தானே ஊருக்குப் போன" என்கிறார். அவர் இதே மண்ணூர்க்காரர், ஷிப்ட் முடிந்தால் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார். மார்ச்சில் என்னை பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி
வேல்ராஜ்

ஆலங்குளம்
18.1.2002

பிரியமுள்ள தம்பி வேல்ராஜுக்கு அக்கா எழுதிக்கொண்டது,

பொங்கலுக்கும் நீ வரல. உனக்குன்னு எடுத்துவச்ச கரும்பை சுகப்பிரியாதான் தின்னு தீர்த்தா. அத்தான் பீடியை விட்டுட்டாக. வேனுக்குள்ள பீடி வாடை அடிச்சா சவாரிக்காரங்க மூஞ்சியைச் சுளிப்பாகளாம். பத்து வருசமா நான் கத்தினது காதுல ஏறல, வேன் வந்ததும் ஏறிட்டு.

ஒரு சங்கதி கேக்கணும். ஒரு வாரமா வேனுக்குள்ள பெட்ரோல் வாடை வருது. சவாரி முடிஞ்சு வந்தா அவுக சட்டையிலயும் அடிக்கி. திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கன்னேன். மாப்ள கை பட்ட வண்டி, அடுத்தவன்கிட்ட காட்டுறதுக்கு முந்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், இல்லேன்னா மரியாதை இல்லன்னுட்டாக. உன் பதில் பார்த்துத்தான் போவாக. சீக்கிரம் எழுது.

அக்கா
உலகம்மாள்

மண்ணூர்
27.1.2002

அன்புள்ள அக்காவுக்கு,

புது வண்டியில் கொஞ்ச நாளைக்கு வாடை இருக்கத்தான் செய்யும். சீட்டைத் தூக்கி கிளிப்பைப் பார்க்கச் சொல். மஞ்சள் புள்ளி இருந்தால் இறுக்கமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

சர்வீஸ் சென்டருக்கு இப்போது போக வேண்டாம். அங்கே கம்ப்ளெயின்ட் எழுதினால், எந்த ஷிப்ட், எந்த ஆள் என்று இங்கே தோண்டுவார்கள். மார்ச் முடியட்டும். அத்தானிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். பொங்கலுக்கு வராததற்கு நீ என்னைத் திட்டிக்கொள், அது நியாயம்.

வேல்ராஜ்

ஆலங்குளம்
3.2.2002

தம்பிக்கு,

புள்ளி இருக்கு. அத்தான் டார்ச் அடிக்க, நானும் சுகப்பிரியாவும் எட்டிப் பார்த்தோம். அவுகளுக்கு அப்படி ஒரு சந்தோசம். உன் கடுதாசியை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்காக. வாடை அப்படியேதான் இருக்கு. கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு ஓட்டுதாக. நீ சொன்ன மாதிரி மார்ச் வரைக்கும் பொறுத்துக்கிடுவோம்.

அக்கா

மண்ணூர்
9.4.2002

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அத்தானின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது தப்புதான். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

வந்த அன்றே இரண்டாவது ஷிப்ட். பைப், கிளிப், முறுக்கு. கை தன்பாட்டுக்குச் செய்கிறது. சங்கரன்கோவிலில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது வேன் எரிந்தது என்கிறார்கள். அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போகிறோம் என்றார்கள், நான் போகவில்லை. வண்டியில் ஆள் இல்லாதது நல்லதாப்போச்சு என்று யாரோ சொன்னார்கள். அத்தான் இருந்தாரே.

பெர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. ரூமில் யாருக்கும் சொல்லவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

வேல்ராஜ்

ஆலங்குளம்
20.6.2002

தம்பி வேல்ராஜுக்கு,

இன்சூரன்ஸ்காரரும் உங்க கம்பெனி ஆளும் வந்து போனாங்க. வண்டியில கோளாறு இல்லையாம், ஓட்டுனவர் பீடி பத்தவச்சதுலதான் தீன்னு எழுதியிருக்காங்க. டீக்கடை பலராமன் அண்ணாச்சி, நம்பிராஜன் நம்ம கடையிலதான் பீடி வாங்குவான்னு சொல்லியிருக்காக. அத்தான் வாங்கினாக, போன வருசம்.

சுகப்பிரியாகிட்ட பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை, உங்கப்பா பீடி குடிச்சுத் தானே எரிஞ்சுட்டாராமேன்னு கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து அவ பாட்டுக்குச் சாப்பிட்டா. சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சிட்டுப் படுத்துட்டா. எனக்கும் அழுகை வரமாட்டேங்கு. சோறு வடிக்கேன், துணி துவைக்கேன், அவ்வளவுதான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். புள்ளி இருந்தா கிளிப் இறுக்கமா இருக்கும்னு எழுதினியே. அது உண்மையா?

உலகம்மாள்

மண்ணூர்
15.9.2002

அக்காவுக்கு,

உன் மூன்று கடுதாசியும் வந்தன. மூன்றிலும் ஒரே கேள்வி.

உண்மை இல்லை, அக்கா. ஒரு வண்டிக்கு எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம், அதற்குள் ஏழு வேலை. முறுக்கிவிட்டுப் பேனாவைத் தேடிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் லைன் நகர்ந்துவிடும். அதனால் ஷிப்ட் தொடங்கும் முன்பே, கிளிப்பெல்லாம் தட்டில் கிடக்கும்போதே, மொத்தத்துக்கும் புள்ளி வைத்துவிடுவோம். முறுக்க மறந்தாலும் புள்ளி இருக்கும். வாடை வருது என்று நீ எழுதினபோதே இது எனக்குத் தெரியும்.

அத்தான் வண்டி போனது டபுள் ஷிப்டில். அந்தக் கிளிப்பை முழுசாக முறுக்கினேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. தணிகாசலம் சாரிடம் சொன்னேன். "கம்முனு இருபா. தட்டுல புள்ளி வெக்காதவன் இங்க யாரு கீறான்" என்றார்.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. வேலை போனால் போகட்டும். மன்னிப்புக் கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அதனால் கேட்கவில்லை.

ச. வேல்ராஜ்
டோக்கன் நம்பர் 418, பி ஷிப்ட்

ஆலங்குளம்
2.10.2002

வேல்ராஜுக்கு,

உன் கடுதாசியை வக்கீல் லூர்தம்மாள்கிட்ட குடுத்துட்டேன். கோர்ட்டுல நீயே வந்து உன் வாயால சொல்லணுமாம். தேதி ஆனதும் அவங்க உனக்கு எழுதுவாங்க. வந்து சொல்லு. சொல்லிட்டு அப்படியே பஸ் ஏறிடு, வீட்டுக்கு வரவேண்டாம்.

சுகப்பிரியாகிட்ட உங்கப்பா பீடி குடிக்கலன்னு சொன்னேன். எனக்குத்தான் தெரியுமேன்னா.

அன்னைக்குக் காலையில வாடை ரொம்ப இருந்துச்சு. இன்னைக்காவது சர்வீஸுக்கு விடுங்கன்னு வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன். மார்ச் முடிய இன்னும் பத்து நாள்தான, மாப்ளைக்கு வேலை நிரந்தரமாகட்டும்னு சொல்லிட்டு வண்டி எடுத்தாக. இதைப் பதினாறாம் நாளே உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். நீ இலையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த. சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்.

சாமி படத்துக்குப் பின்னால இருந்த உன் ஜனவரி மாசத்துக் கடுதாசியை வக்கீல் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டாங்க. அசலை இதோட வச்சு அனுப்பியிருக்கேன். இனி அது இந்த வீட்டுல இருக்கவேண்டாம்.

நம்பிராஜன் சம்சாரம்
உலகம்மாள்